ஒரு விடுமுறை விண்ணப்பம்

"மலருக்கு ஏதேனும் எழுதிக் கொடு" என்று துறைப் பேராசிரியை கேட்டபோது, வரலாறு படிக்கும் மாணவி ஆகையால் பாண்டியர் கால வாணிகத்தைப் பற்றியோ கட்டபொம்மனைப் பற்றியோ எழுதுவேன் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். நான் எழுதப் போவதோ மூன்றாம் வகுப்பில் நான் எடுத்த ஐந்து நாள் விடுமுறையைப் பற்றி. "இதுவும் ஒரு பொருளா?" என்று தோழியர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். ஆனால் கடைசி வரி வரை படித்துவிட்டுச் சிரிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

எங்கள் சாத்தான்குளம் வட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவராவது வெளியூரில் கடையில் இருப்பார். சென்னையின் ஏதோ ஒரு தெருமுனையில் "அண்ணாச்சி கடை" என்று சொல்லப்படும் பலசரக்குக் கடைக்குள், பருப்பு மூட்டைக்கும் எண்ணெய் டின்னுக்கும் நடுவே நின்று பொட்டலம் மடித்துக் கொண்டிருப்பவர் எங்கள் பக்கத்து ஆளாகவே இருப்பார். என் தந்தையும் அப்படி ஒருவர். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு ரயிலேறியவர். காலை ஐந்தரைக்குக் கடை திறந்தால் இரவு பத்தரைக்குத்தான் கதவை இறக்குவார்கள். தீபாவளி, பொங்கல் என்றால் கடையில் கூட்டம் அலைமோதும், விடுமுறை கிடையாது. வைகாசி பிறந்தால் கல்யாணச் சாமான், விடுமுறை கிடையாது. பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும் நாட்களெல்லாம் கடைக்குத் திருநாட்கள். ஊரார் உலகமெல்லாம் ஓய்வெடுக்கும் போதுதான் கடைக்காரனுக்கு வேலை மிகுதி. வியாபாரம் சற்றே மந்தமாகும் மாசி மாதத்தில்தான் முதலாளி பத்து நாள் விடுப்புக் கொடுப்பார். ஆண்டுக்கு ஒரு முறை. பத்தே பத்து நாள்.

மாசி மாதத்தில் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை உண்டா? இல்லையே! ஆண்டுத் தேர்வு நெருங்கும் காலம் அல்லவா அது? ஆக, அப்பா வீட்டில் இருக்கும் பத்து நாட்களில் நான் பகலெல்லாம் பள்ளியில் இருப்பேன். எனக்கு இரண்டு மாதம் கோடை விடுமுறை கிடைக்கும்போது அவர் சென்னையில் இருப்பார். என் தந்தையின் முகத்தை நான் விளக்கு வெளிச்சத்தில் பார்த்ததே அதிகம் என்று சொன்னால் அது மிகையன்று.

2014-ஆம் ஆண்டு மாசியில் அப்பா ஒரு முடிவோடு வந்து இறங்கினார். "இந்தத் தடவை பிள்ளைய நாலு இடம் கூட்டிட்டுப் போகணும். ஊர்ல எல்லாரும் எங்கெங்கேயோ இருந்து நம்ம கடலைப் பார்க்க வாராங்க, நம்ம பிள்ளை பார்க்கலையே" என்றார். அம்மா தயங்கினாள். "பள்ளிக்கூடத்துல விட மாட்டாங்களே" என்றாள். ஆச்சிதான் வழி சொன்னாள்: "காய்ச்சல்னு எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. எல்லாரும் அப்படித்தான செய்யுதாவ."

அம்மா கோடு போட்ட தாளில் அழகாக எழுதினாள். "என் மகளுக்குக் கடுமையான காய்ச்சல் கண்டிருப்பதால் ஐந்து நாட்கள் விடுமுறை அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக் கொள்கிறேன்." எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த வயது எனக்கு. படித்தேன். "அம்மா, எனக்குத்தான் காய்ச்சல் இல்லையே?" என்று கேட்டேன். அம்மா பதில் சொல்லாமல் தாளை நான்காக மடித்தாள். அந்தக் கடிதம் பக்கத்து வீட்டுப் பையன் கையில் பள்ளிக்குப் போயிற்று. நாங்கள் பேருந்து நிலையத்துக்குப் போனோம்.

முதலில் திருச்செந்தூர். மாசித் திருவிழா நடந்து கொண்டிருந்தது. ஏழாம் நாள் மாலையில் சண்முகர் செவ்வாடையும் செம்மலருமாகச் சிவப்புச் சாத்தி வந்ததை அப்பாவின் தோளில் உட்கார்ந்தபடி பார்த்தேன். மறுநாள் நண்பகலில் பச்சைச் சாத்தி. ஆனால் என்னை வியப்பில் ஆழ்த்தியது நாழிக்கிணறுதான். கூப்பிடு தூரத்தில் கடல் உப்புக் கரிக்க, இந்தச் சின்னக் கிணற்றில் மட்டும் குடிக்கக் கூடிய தண்ணீர் எப்படி வந்தது? அப்பாவிடம் கேட்டேன். "அதான் முருகன்" என்றார். பின்னாளில் எங்கள் நிலவியல் ஆசிரியை, மழைநீர் மணலில் இறங்கிக் கடல்நீரின் மேல் இலகுவாக மிதந்து நிற்கும் என்று விளக்கியபோது, எனக்கு அந்தக் கிணற்றடி அப்படியே கண்ணில் தெரிந்தது. கேள்வி எட்டு வயதில் பிறந்தது. விடை பதினாறு வயதில் கிடைத்தது. கேள்வி பிறக்காதிருந்தால் விடை வந்தும் என்ன பயன்?

அங்கிருந்து ஆச்சியின் உறவினர் வீடு இருந்த ஏரல் பக்கம் போனோம். போகிற வழியில் கொற்கை. வயலும் வாழையும் குளமும் ஒரு பழைய வன்னி மரமும் தவிர அங்கே வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை. "இதுதான் பாண்டிய ராசாவோட துறைமுகம். இங்கதான் முத்தெடுத்தாங்க" என்றார் உறவினர். "கடல் எங்கே?" என்றேன். அவர் கிழக்கே கை காட்டினார். தாமிரபரணி ஆண்டாண்டு காலமாகக் கொண்டு வந்து கொட்டிய வண்டலால் கடல் விலகி, இன்று கொற்கை கரையிலிருந்து ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. 1968-69-இல் தமிழகத் தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 785 என்று கணிக்கப்பட்டதை இப்போது பாடமாகப் படிக்கிறேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: கடல்கூட ஓர் ஊரை விட்டுவிட்டுப் போய்விடும்! நான் வரலாறு படிக்க வந்ததற்கு ஏதேனும் ஒரு காரணம் சொல்ல வேண்டுமானால், அந்த வாழைத் தோட்டத்து வரப்பைத்தான் சொல்வேன்.

தூத்துக்குடியில் அப்பா என்னைத் தூக்கிப் பிடித்துக் கப்பல் காட்டினார். 1906-இல் வ.உ.சிதம்பரனார் வெள்ளையனுக்கு எதிராக இங்கிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்ட கதையைத் தமக்குத் தெரிந்த அளவில் சொன்னார். கடைசியாகக் கன்னியாகுமரி. படகில் போய் வள்ளுவர் சிலையடியில் நின்றோம். "பீடம் 38 அடி, சிலை 95 அடி. ரெண்டையும் கூட்டு பார்ப்போம்" என்றார் அப்பா. நான் விரல் விட்டு எண்ணிக் கூட்டி 133 என்றேன். "அதான் திருக்குறள்ல அதிகாரம் எத்தனைன்னு டீச்சர் கேட்டா சொல்லணும்" என்றார். பொட்டலக் கணக்கையே நாள் முழுதும் போடுகிற மனிதர், கடலுக்கு நடுவில் நின்று மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த அந்த நேரத்தில் அவர் முகத்தில் கண்ட மகிழ்ச்சியை அதற்கு முன்பும் பின்பும் நான் கண்டதில்லை. திரும்பும்போது இரண்டு சோழி வாங்கித் தந்தார்.

இதுவரை படித்தவர்கள், "பள்ளியைக் காட்டிலும் பயணமே சிறந்த ஆசான்" என்று முடிக்கப் போகிறேன் என்று எண்ணலாம். அவ்வளவு எளிதாக முடிகிற செய்தியாக இருந்தால் நான் எழுதவே வந்திருக்க மாட்டேன்.

ஆறாம் நாள் பள்ளிக்குப் போனேன். டீச்சர் என் நெற்றியில் கை வைத்து, "காய்ச்சல் விட்டுட்டா?" என்று கேட்டார்கள். வெயிலில் கறுத்த முகமும் பாவாடைப் பையில் கலகலத்த சோழியும் என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டன. நான் அழுதுவிட்டேன். அவர்கள் சிரித்தார்கள். "போனா என்ன? வந்து வகுப்புல எல்லாருக்கும் சொல்லு" என்று மேசையருகே நிறுத்தினார்கள். நான் கப்பலையும் சிலையையும் பற்றிச் சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள்.

கை தட்டாத ஒருத்தி இருந்தாள். அவள் அன்று வகுப்பிலேயே இல்லை.

என் பக்கத்தில் உட்காருகிறவள் அவள். அவள் தந்தை பனையேறி. மாசியில் பாளை விட்டதும், குதிரைமொழித் தேரியின் ஓரத்தில் குத்தகைக்கு எடுத்த பனைகளுக்கு நடுவே விடிலி கட்டிக் கொண்டு குடும்பமே அங்கே போய்விடும். விடிலி என்பது ஓலையால் வேய்ந்த குடிசை. பதனீர் காய்ச்சுகிற இடமும் அதுதான், படுக்கிற இடமும் அதுதான். தந்தை விடியுமுன் மரத்தில் ஏறிப் பாளை சீவிக் கலயத்தை இறக்கிக் கொண்டு வருவார். தாய் வடிகட்டி அடுப்பில் ஏற்றுவாள். பதனீர் புளித்துவிடாமல் கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவுவது, சுள்ளி பொறுக்குவது, அடுப்பு அணையாமல் பார்ப்பது, பாகு இறுகும் பதத்தில் சிரட்டைகளை வரிசையாக வைத்துக் கொடுப்பது, தம்பியைத் தூக்கி வைத்துக் கொள்வது, இவையெல்லாம் அவள் வேலை. ஆடி மாதம் வரை அப்படி. இன்று புவிசார் குறியீடு பெற்றுப் பெருமையோடு விற்கப்படும் உடன்குடிக் கருப்பட்டிக்குப் பின்னால் இப்படி எத்தனை வீட்டுப் பிள்ளைகளின் பள்ளி நாட்கள் கரைந்திருக்கின்றனவோ!

நான் ஊர் சுற்றக் கிளம்பிய அதே வாரத்தில்தான் அவளும் தேரிக்குப் போனாள். டீச்சர் வருகைப் பதிவேட்டில் சில நாட்கள் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். பிறகு கூப்பிடவில்லை. ஒரு நாள் அந்தப் பெயருக்கு நேராகச் சிவப்பு மை ஓடியதைக் கண்டேன். அவளுக்காக யாரும் கடிதம் எழுதிக் கொடுக்கவில்லை. அவள் வீட்டில் கடிதம் எழுதத் தெரிந்தவள் அவள் ஒருத்திதானே!

பங்குனியில் ஒரு சனிக்கிழமை, ஆச்சி கருப்பட்டி வாங்க விடிலிக்குப் போனாள். நானும் தொற்றிக் கொண்டேன். கால் புதையும் செம்மணல். வேகாத வெயில். அடுப்புப் புகையில் கண் சிவந்து உட்கார்ந்திருந்தவள் என்னைக் கண்டதும் எழுந்து ஓடி வந்தாள். ஒரு சோழியை அவள் கையில் வைத்தேன். அதைக் காதில் வைத்து இரைச்சல் கேட்டாள். பிறகு கேட்டாள்: "ஏட்டி, வகுப்புல இப்ப என்ன நடத்துதாவ?"

"வகுத்தல்" என்றேன்.

"வகுத்தல்னா என்னது?"

எனக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. நான் கன்னியாகுமரியில் கூட்டல் போட்டுக் கொண்டிருந்த ஐந்து நாட்களில் வகுப்பில் வகுத்தல் தொடங்கி நடந்து முடிந்திருந்தது. திரும்பி வந்த நாள் முதல் கரும்பலகையில் அந்தக் கோடும் வளைவும் எனக்கு அயல்நாட்டு எழுத்தாகத் தெரிந்தன. எல்லாரும் எழுதுவதைப் பார்த்து நானும் எழுதிக் கொண்டிருந்தேன். பள்ளிக்குப் போய்க் கொண்டிருந்த நானும் போகாதிருந்த அவளும் அந்த விடிலி வாசலில் ஒரே நிலையில் நின்றோம். இருவருக்கும் வகுத்தல் தெரியாது!

ஆனால் அந்த ஒற்றுமை அன்று மாலையே முடிந்துவிட்டது. இரவு அப்பா சென்னையிலிருந்து தொலைபேசியில் பேசினார். "எனக்கு வகுத்தல் வரல" என்று அழுதேன். கடை அடைத்துவிட்டுச் சாப்பிடாமல்கூட அவர் சொல்லிக் கொடுத்தார்: "ஒரு பெட்டில 24 சோப்பு இருக்கு. ஆறு பேரு வந்து சமமாக் கேக்காங்க. ஆளுக்கு எத்தனை கொடுப்ப?" நான்கு என்றேன். "அவ்வளவுதான் வகுத்தல்" என்றார். பத்து இரவு அப்படிச் சொல்லிக் கொடுத்தார். நான் கரையேறினேன்.

அவளுக்குத் தொலைபேசியில் பேச யாருமில்லை. ஆடி கழிந்து அவள் திரும்பி வந்தபோது நாங்கள் நான்காம் வகுப்பில் இருந்தோம். சட்டப்படி அவளும் நான்காம் வகுப்பில்தான் உட்கார்ந்தாள். பெயர் மேலே ஏறியது. பாடம் கீழேயே நின்றுவிட்டது. அடுத்த மாசியில் மறுபடி தேரி. அதற்கடுத்த மாசியிலும் அப்படியே. எட்டாம் வகுப்போடு அவள் படிப்பு முடிந்தது. என் தந்தை நின்ற அதே எட்டாம் வகுப்பு!

இந்த நிகழ்ச்சியை எண்ணி எண்ணிப் பார்த்து நான் சில செய்திகளைத் தேடிப் படித்தேன். அவற்றுள் சிலவற்றை இங்கே பகிர்ந்து கொள்ள விரும்புகிறேன்.

பிள்ளையைப் பள்ளி நாளில் சுற்றுலாவுக்கு அழைத்துப் போவது இங்கிலாந்தில் நீதிமன்றம் வரை போன வழக்கு. வைட் தீவைச் சேர்ந்த ஒரு தந்தை 2015 ஏப்ரலில் தலைமையாசிரியர் அனுமதி மறுத்தும் தம் சிறு மகளை ஏழு பள்ளி நாட்கள் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைத்துச் சென்றார். 60 பவுன் அபராதம் விதித்தார்கள், கட்டவில்லை, 120 ஆயிற்று, அதையும் கட்டவில்லை. "என் மகளின் வருகை தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறதே, இது ஒழுங்கான வருகை இல்லையா?" என்பது அவர் தரப்பு. 2016-இல் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2017 ஏப்ரல் 6-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஒழுங்கான வருகை என்றால் பள்ளி வகுத்த விதிப்படி வருவது என்று ஐந்து நீதிபதிகளும் ஒருமுகமாகக் கூறினார்கள். 2024 ஆகஸ்ட் முதல் அங்கே அபராதம் 80 பவுன். இருபத்தொரு நாளில் கட்டாவிட்டால் 160. ஒருவர் விருப்பம்போல் பிள்ளையை அழைத்துப் போனால், விட்டுப்போன பாடத்தை மறுபடி நடத்த ஆசிரியர் நேரம் செலவிட வேண்டும்; அது மற்றப் பிள்ளைகளின் நேரம் என்பது அவர்கள் சொல்லும் காரணங்களுள் ஒன்று. வகுத்தல் தெரியாமல் விழித்த எனக்கு அந்தக் காரணம் நன்றாகவே புரிகிறது. ஆனால் அந்த அபராதம் என் தந்தை மேல் விழுந்திருந்தால் அவர் எத்தனை நாள் சம்பளத்தைக் கொடுத்திருக்க வேண்டும்! பனையேறி எதைக் கொடுப்பார்?

அப்படியானால் பள்ளி நாட்காட்டி என்பது மாற்ற முடியாத வேத வாக்கா? அதுவும் இல்லை. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடையாது. அமாவாசை, பௌர்ணமி போன்ற நாட்களில்தான் விடுமுறை. அதை வாவு என்றார்கள். ஞாயிறு விடுமுறையும் இன்றுள்ள பள்ளி ஆண்டும் வெள்ளையர் ஆட்சியோடு வந்தவை. ஆக, காலத்துக்குக் காலம் மனிதர் வகுத்ததுதான் நாட்காட்டி.

"வெளியிலும் கல்வி இருக்கிறது, பிள்ளை பெற்றோரோடு இருந்து கற்கட்டுமே" என்ற வாதத்தையும் நம் மாநிலம் ஒரு முறை கேட்டிருக்கிறது. 1953-இல் இராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கிராமத் தொடக்கப் பள்ளிகளில் நாளுக்கு மூன்று மணி நேரமே வகுப்பு என்றும், மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்றும் ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதை எதிர்த்தார்கள். 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. இதைப் படித்தபோது எனக்கு உறைத்தது இதுதான்: கொற்கையைக் கண்டு நான் கற்றதும் கல்விதான், கருப்பட்டி காய்ச்சி அவள் கற்றதும் கல்விதான். ஆனால் நான் ஐந்து நாளில் பள்ளிக்குத் திரும்பினேன். அவளுக்கு அந்தக் கல்வியே ஆயுள் முழுதுக்கும் என்று ஆகிவிட்டது. திரும்பி வர வழி இருக்கும்போதுதான் அது விடுமுறை.

சட்டத்தில் வழி இல்லாமலும் இல்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. தொடக்கப் பள்ளி ஆண்டுக்கு 200 நாள் நடக்க வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் 9-ஆம் பிரிவு, கல்வி நாட்காட்டியை முடிவு செய்யும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்புக்குத் தருகிறது. இடம் பெயரும் குடும்பத்துப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதும் அதன் கடமை என்று அதே பிரிவு கூறுகிறது. வயதுக்கேற்ற வகுப்பில் சேரும் பிள்ளைக்குத் தனிப் பயிற்சி பெற உரிமை உண்டு என்கிறது 4-ஆம் பிரிவு. எல்லாம் எழுத்தில் இருக்கிறது. தேரிக்குள் மாலையில் ஒரு மணி நேரம் வந்து வகுத்தல் சொல்லிக் கொடுக்க ஓர் ஆள்தான் அன்று இல்லை.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் உடன்குடிக் கடைத்தெருவில் அவளைப் பார்த்தேன். ஓலைப்பெட்டியில் கருப்பட்டி வைத்துக் கொண்டு தாயோடு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் "ஏட்டி!" என்று கையைப் பிடித்துக் கொண்டாள். பேசிக் கொண்டே வியாபாரமும் செய்தாள். ஒருவர் வந்து எடையும் விலையும் கேட்டார். அவள் கண்ணிமைக்கும் நேரத்தில் மனக்கணக்காகப் பிரித்துச் சொன்னாள். நான் வியந்து, "வகுத்தல் எப்போ படிச்ச?" என்று கேட்டேன்.

"வர்ற ரூவாய மரத்துக்காரருக்கு இவ்வளவு, வட்டிக்காரருக்கு இவ்வளவு, வீட்டுக்கு இவ்வளவுன்னு பிரிக்காம எப்படிட்டி? அதெல்லாம் தன்னால வந்துரும்" என்று சிரித்தாள். பிறகு, பெட்டியை மூடிக் கொண்டே, கோபம் ஏதும் இல்லாமல் சொன்னாள்:

"நீ லீவு போட்டா ஊரு பார்க்கப் போனான்னு கை தட்டுனாவ. நான் லீவு போட்டா நின்னுட்டான்னு எழுதிட்டாவ. ரெண்டு பேரும் ஒரே நாள்லதான போனோம்?"

நான் என்ன பதில் சொல்வேன்? கால் கிலோ கருப்பட்டி வாங்கிக் கொண்டு, காசைக் கொடுத்துவிட்டு, பஸ் ஏறினேன். அவள் மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுத்தாள்.

என் தந்தை என்னை அழைத்துச் சென்றது தவறு என்று இன்றும் நான் சொல்ல மாட்டேன். ஆண்டுக்குப் பத்து நாள் மட்டும் கிடைக்கும் தந்தையை விட்டு அந்த ஐந்து நாளும் நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால், வகுத்தல் வந்திருக்கும். அப்பா வந்திருக்க மாட்டார். ஆனால் அம்மா எழுதிய அந்தக் கடிதம் மட்டும் வேறு மாதிரி இருந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. "ஆண்டுக்கு ஒரு முறை ஊருக்கு வரும் தந்தையோடு மகள் ஐந்து நாள் வெளியூர் செல்கிறாள், விட்டுப்போகும் பாடத்தை வீட்டில் படிக்க வைக்கிறோம், என்ன பாடம் என்று தெரிவிக்க வேண்டுகிறோம்" என்று எழுதியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? என் டீச்சர் நல்லவர்கள், விட்டிருப்பார்கள். எட்டு வயதில் நான் கற்ற முதல் பொய், என் தாயின் அழகான கையெழுத்தில் இருந்தது என்பது எனக்கு இன்றும் நெருடுகிறது.

இதைப் படிக்கும் தோழியருள் பலர் நாளை ஆசிரியைகள் ஆகப் போகிறவர்கள். உங்கள் வகுப்பிலும் மாசியில் ஒரு பெஞ்சு காலியாகும். அந்தப் பிள்ளை கடல் பார்க்கப் போயிருக்கலாம், தேரிக்குப் போயிருக்கலாம், உப்பளத்துக்கோ செங்கல் சூளைக்கோ போயிருக்கலாம். சிவப்பு மையைத் தொடுமுன் ஒரு முறை அந்த வீட்டு வாசல் வரை நடந்து பாருங்கள். எங்கே போனாள், எப்போது வருவாள் என்று கேளுங்கள். வந்த பிறகு அவளையும் மேசையருகே நிறுத்தி, விடிலியைப் பற்றி வகுப்புக்குச் சொல்லச் சொல்லுங்கள். பாளை சீவுவது எப்படி, பதனீர் புளிக்காமலிருக்கச் சுண்ணாம்பு ஏன் என்று அவள் சொல்வாள். பிள்ளைகள் கை தட்டுவார்கள். அதன் பிறகு அவளுக்கு வகுத்தலைச் சொல்லிக் கொடுங்கள்.

அப்பா இப்போதும் சென்னையில்தான் இருக்கிறார். இந்த மாசியிலும் பத்து நாள் வருவார். "உனக்கு மாடல் தேர்வு இருக்குமே, இல்லாட்டிக் கண்ணாடிப் பாலம் பார்த்துட்டு வரலாம்" என்று தொலைபேசியில் சொன்னார். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் இணைத்து 2024 டிசம்பர் 30-இல் திறந்தார்களே, அதைச் சொல்கிறார். துறைத் தலைவருக்கு ஒரு நாள் விடுமுறை கேட்டு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். காரணம் என்ற இடத்தில், "தந்தையோடு கன்னியாகுமரி செல்ல" என்று எழுதியிருக்கிறேன்.

— மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு